நடுமுற்றமா, கண்ணாடிக் கூரையா, மாடித்தோட்டமா, தோப்பா? 300 பேருக்கான தலைமை அலுவலகத்தை முடிவு செய்யும் முன்

“மரம் செடியோடு இருக்கணும், எல்லா டீமும் கலந்து பழகணும்.” சொந்தமாகத் தலைமை அலுவலகம் கட்டப்போகிறவர்கள் ஆர்க்கிடெக்டிடம் சொல்வது பெரும்பாலும் இந்த இரண்டு வரிதான். பதிலுக்கு நான்கு விதமான வரைபடங்கள் வந்து சேரும். வானம் பார்த்த நடுமுற்றம் ஒன்று. அதே முற்றத்துக்குக் கண்ணாடிக் கூரை போட்ட ஏட்ரியம் இன்னொன்று. தளத்துக்குத் தளம் தோட்டம் வைத்த கட்டடம் மூன்றாவது. மரங்களுக்கு நடுவே தள்ளித் தள்ளி நிற்கும் சிறு கட்டடங்கள் நான்காவது. படத்தில் நான்குமே அழகாக இருக்கும். மே மாதம் மதியம் மூன்று மணிக்கு அங்கே யாராவது நிற்பார்களா என்பது படத்தில் தெரியாது.

கணக்கு கையில் நிற்பதற்காக ஒரே அளவை எடுத்துக்கொள்வோம்: சென்னை, ஒரு ஏக்கர் மனை, 300 பேர், மொத்தம் 40,000 சதுர அடி, தரைத்தளமும் மேலே மூன்று மாடியும், தளத்துக்கு 12 அடி உயரம். கோவை, மதுரைக்குப் பெரும்பகுதி பொருந்தும். மாறும் இடங்களை அங்கங்கே சொல்கிறோம்.

## எதை வைத்து அளப்பது

ஆட்கள் எதிரெதிரே வருகிறார்களா. அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகப் பேராசிரியர் தாமஸ் ஆலன் 1970-களில் பொறியாளர்களிடையே நடக்கும் பேச்சை அளந்தார். இருக்கைகளுக்கு இடையிலான தூரம் கூடக்கூடப் பேச்சு மளமளவென்று குறைந்தது. 50 மீட்டரைத் தாண்டினால் அநேகமாக இல்லை. அதற்காகச் சுவரையெல்லாம் எடுத்துவிட்டால் போதும் என்று நினைத்தால் அதுவும் சரிவராது. இரண்டு பெரிய நிறுவனங்கள் திறந்தவெளி அலுவலகத்துக்கு மாறியதைத் தொடர்ந்து கவனித்து 2018-ல் ஹார்வர்ட் ஆய்வாளர்கள் வெளியிட்ட கட்டுரைப்படி, நேருக்கு நேர் பேச்சு சுமார் 70 சதவீதம் குறைந்தது. எல்லார் கண்ணிலும் படும் இடத்தில் உட்கார்ந்தவர்கள் ஹெட்போனை மாட்டிக்கொண்டார்கள். வேலை செய்ய அடக்கமான இடமும், எழுந்து போகும் வழியில் பிறரைச் சந்திக்கும் இடமும் தனித்தனியாக வேண்டும். ஆகவே எந்த வரைபடம் வந்தாலும் முதலில் படிக்கட்டு, டீ, கழிப்பறை, சாப்பாட்டுக்கூடம் ஆகிய நான்கும் எங்கே இருக்கின்றன என்று பாருங்கள். மரம் அதற்கு அப்புறம்.

வெயிலும் மழையும். சென்னை 13 டிகிரி வடக்கில் இருக்கிறது. ஏப்ரல் கடைசி முதல் ஆகஸ்ட் நடுப்பகுதி வரை நண்பகல் சூரியன் தலைக்குச் சற்று வடக்கே நிற்கும். “வடக்கு ஜன்னலில் வெயில் படாது” என்ற பாடம் குளிர்நாட்டில் எழுதப்பட்டது. இங்கே கோடையில் வடக்குக்கும் மறைப்பு வேண்டும். மழை ஆண்டுக்கு சுமார் 1,400 மி.மீ.; அதில் பெரும்பகுதி அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் காற்றோடு சேர்ந்து சாய்வாக அடிக்கும்.

தண்ணீர். தேசியக் கட்டட விதிப்படி அலுவலகத்துக்கு ஆளுக்கு நாளொன்றுக்கு 45 லிட்டர். 300 பேருக்கு 13,500 லிட்டர். அதில் சுமார் 11,500 லிட்டர் கழிவுநீராக எஸ்.டி.பி.க்கு (கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம்) வரும், சுத்தம் செய்து கழிப்பறை ஃப்ளஷுக்கு 6,000 போக, செடிக்கு மிஞ்சுவது 5,500. சனி, ஞாயிறு வரத்து இல்லாததால் வாரச் சராசரி 4,000-க்கும் கீழே வந்துவிடும். கோடையில் புல்தரை ஒரு சதுர அடிக்கு அரை லிட்டருக்கு மேல் குடிக்கும். ஆகவே சொந்தத் தண்ணீரில் தாங்குவது 7,000 சதுர அடிப் புல்தான். அதற்கு மேல் போட்டால் 2019 போன்ற கோடையில் லாரித் தண்ணீரைப் புல்லுக்கு ஊற்ற வேண்டியிருக்கும். புல்லைக் குறைத்து மரத்தைக் கூட்டுங்கள். வேரூன்றிய புங்கனும் வேம்பும் தாமாகவே சமாளித்துக்கொள்ளும்.

பராமரிக்கப்போவது யார். தோட்டக்காரர் எத்தனை பேர், உயரத்தில் ஏறும் ஆள் வேண்டுமா, அலுவலகம் நடக்கும்போதே மருந்து அடிக்க முடியுமா.

தீ விதிமுறை, பின்னால் மாற்றும் வசதி. இவ்விரண்டையும் கடைசியாகப் பார்ப்பதுதான் வழக்கம். செலவு எகிறுவதும் இங்கேதான்.

## நடுமுற்றம்

நம் ஊர் வீட்டுக்குப் பழகிய வடிவம். அலுவலகத்துக்கு நல்ல உதாரணம் ஹைதராபாத்தில் 2004-ல் திறக்கப்பட்ட சி.ஐ.ஐ. (இந்தியத் தொழில் கூட்டமைப்பு) சோராப்ஜி கோத்ரெஜ் பசுமைத் தொழில் மையம். சுமார் 20,000 சதுர அடி; நடுவே வட்ட முற்றம், இரண்டு காற்றுக் கோபுரங்கள், கூரையில் புல். பசுமைக் கட்டடங்களுக்கான லீட் சான்றில் உச்சமான பிளாட்டினத்தை அமெரிக்காவுக்கு வெளியே பெற்ற முதல் கட்டடம்.

நமது அளவுக்கு 40 × 60 அடி முற்றம் சரியாக வரும். 40 அடியைக் கிழக்கு மேற்காகவும் 60 அடியை வடக்கு தெற்காகவும் வையுங்கள். சுவர் 48 அடி உயரம் என்பதால் மூன்று மணி டீக்கு ஆட்கள் எழும்போது முற்றத்துத் தரை முழுக்க மேற்குப் பக்கக் கட்டடத்தின் நிழலில் இருக்கும். திருப்பி வைத்தால் அரை மணி நேரத்துக்கு மேல் தள்ளிப்போகும். 25 அடிக்குக் கீழே குறைத்தால் முற்றம் கிணறாகிவிடும். கீழ்த்தளத்துக்குப் பகலிலும் விளக்கு தேவைப்படும். மதியக் கடற்காற்று தென்கிழக்கிலிருந்து வரும். தரைத்தளத்தில் அந்த மூலையில் 12 அடித் திறப்பு ஒன்றும், எதிர்மூலையில் வெளியேற வழி ஒன்றும் விடாவிட்டால் முற்றத்தில் காற்று அசையாது.

டீமைச் சேர்ப்பதில் இதன் பலம் எளிமையானது. 40 அடிக்கு அப்பால் போகிறவரின் முகம் தெரியும். கையை அசைத்தால் நிற்பார். திறந்த படிக்கட்டை முற்றத்தின் ஓரத்தில், நுழைந்ததும் கண்ணில் படும்படி வைத்து, லிஃப்டைப் பத்தடி உள்ளே தள்ளுங்கள். நான்கு தளத்துக்கு நான்கு பான்ட்ரி வைக்காமல் இரண்டே வையுங்கள்: முதல் மாடியில் ஒன்று, மூன்றாம் மாடியில் ஒன்று, எதிரெதிர் மூலைகளில். டீக்கு ஒரு மாடி நடப்பதுதான் கணக்குத் துறையையும் டிசைன் துறையையும் ஒரே படியில் நிறுத்தும்.

பிழை நடக்கும் இடங்கள் மூன்று. முதலாவது தாழ்வாரம். ஆறடி அகலம் போட்டால் ஐப்பசி மழையில் தூவானம் கதவு வரை வரும். எட்டடிக்குக் குறையாமல், கூரை விளிம்பை ஏழரை அடி வரை இறக்கி, தரையை வெளிப்பக்கம் சரிவாக வையுங்கள். தரைக்குச் சொரசொரப்பான கடப்பாக் கல்லோ கோட்டா கல்லோ போதும். பாலிஷ் கிரானைட் போட்டால் முதல் மழையிலேயே யாராவது வழுக்கி விழுவார்கள்.

இரண்டாவது வடிகால். இந்த முற்றத்தின் 2,400 சதுர அடியில் ஒரு மணி நேரத்தில் 100 மி.மீ. பெய்தால் 22,000 லிட்டர் சேரும். ஆறங்குலக் குழாய் ஒன்றே இதைக் கொண்டுபோகும். ஆனாலும் இரண்டு போட வேண்டும், ஏனென்றால் ஒன்றை இலை அடைக்கும். அதைவிட ஆபத்து தெருவில் இருக்கிறது. சாலை போடும் ஒவ்வொரு முறையும் தெரு உயரும். பத்து வருடத்தில் உங்கள் குழாயின் வாய் தெருத் தண்ணீருக்குக் கீழே போய்விடும், வடிகால் வழியே வெள்ளம் உள்ளே வரும். முற்றத்து நீரை நேராகத் தெருவுக்கு விடாமல் மீள்நிரப்புக் கிணற்றுக்கும், நிரம்பினால் பம்பு வைத்த சம்ப்புக்கும் கொண்டுபோங்கள். தெருவுக்குப் போகும் குழாயில் திரும்பிவராத வால்வு கட்டாயம். 2015 டிசம்பரில் அந்த இடத்தில் எவ்வளவு தண்ணீர் நின்றது என்று அக்கம்பக்கத்தில் கேட்டுத் தளமட்டத்தை வையுங்கள்.

மூன்றாவது ஏசி. வெளியிலிருந்து பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்று அவுட்டோர் யூனிட்டுகளை முற்றத்துப் பக்கம் மாட்டிவிடுவார்கள். நாற்பது யூனிட் ஊதும் வெப்பத்தில் செடியும் நிற்காது, ஆளும் நிற்க மாட்டார். யூனிட் எல்லாம் மொட்டைமாடிக்குப் போக வேண்டும். அதற்கான குழாய்க்குழிகளை வரைபடத்திலேயே விடச் சொல்லுங்கள்.

மறைந்த செலவு வெளிச்சுவர். 100 × 100 அடிச் சதுரக் கட்டடத்தோடு ஒப்பிட்டால் தளத்துக்குச் சுமார் 240 அடி சுவர் கூடும்; நான்கு தளத்துக்கு 11,500 சதுர அடி. கட்டுவதும் பூசுவதும் வெள்ளையடிப்பதும் அத்தனைக்கும். பதிலுக்குக் கிடைப்பது வெளிச்சம். ஜன்னல் வெளிச்சம் உருப்படியாக உள்ளே வருவது ஏறக்குறைய 20 அடி வரைதான். சதுரக் கட்டடத்தின் நடு 60 அடி எப்போதும் டியூப்லைட்டில் இருக்கும். முற்றம் வைத்தால் எந்த இருக்கையும் இருட்டில் இல்லை.

மரம் ஒன்றே போதும், புங்கன் நல்லது. மாசியில் இலை உதிர்த்து, வெயில் ஏறுவதற்குள் புதுத்தளிர் விட்டுக் குடை பிடிக்கும். நாவலை முற்றத்தில் வைக்காதீர்கள், பழக்கறை கல்லை விட்டுப் போகாது. ஏழிலைப்பாலை பூக்கும் காலத்தில் அதன் வாசனை பலருக்குத் தலைவலி தரும்.

## கண்ணாடிக் கூரை ஏட்ரியம்

இதே முற்றத்தை மூடினால் மழை இல்லை, தூசி இல்லை, பக்கத்துச் சாலையின் ஹாரன் இல்லை. நியூயார்க்கில் 1967-ல் முடிந்த ஃபோர்டு ஃபவுண்டேஷன் கட்டடம் இந்த வகைக்கு முன்னோடி: பன்னிரண்டு மாடிக் கட்டடத்துக்குள் ஒரு தோட்டம், அலுவலக அறைகள் அதை எட்டிப் பார்க்கும். முதலில் நட்ட குளிர்ப்பிரதேசச் செடிகள் உள்ளே பிழைக்கவில்லை. பின்னால் வெப்பமான இடத்துச் செடிகளுக்கு மாறினார்கள். அனிமேஷன் பட நிறுவனமான பிக்ஸார் 2000-ல் கலிஃபோர்னியாவின் எமரிவில்லில் கட்டிய அலுவலகத்தில் நடுக்கூடத்தில்தான் சாப்பாடு, தபால்பெட்டி எல்லாம். கழிப்பறைகளையும் அங்கேயே வைக்க ஸ்டீவ் ஜாப்ஸ் விரும்பினார். அவ்வளவு தூரம் நடக்க வைப்பது அதிகம் என்று அதை மட்டும் தளர்த்தினார்கள். சேர்க்கும் கூடத்துக்கு ஆட்களை இழுப்பது எது என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் இல்லை.

சென்னையில் கண்ணாடிக் கூரையின் விலை வெயிலில் இருக்கிறது. 2,400 சதுர அடிக் கூரையில் நண்பகலில் விழும் வெப்பத்தில் கால்பங்கு மட்டுமே உள்ளே விடும் நல்ல கண்ணாடி போட்டாலும் 50 கிலோவாட் இறங்கும். அதை எடுக்கவே 14 டன் ஏசி வேண்டும். அதிலும் சூடான காற்று மேலே தேங்கும்: தரைத்தளத்தில் குளிரும், மூன்றாம் மாடித் தாழ்வாரத்தில் வேர்க்கும். கூரையைக் கடைசி மாடித் தளத்திலிருந்து வழக்கத்தைவிட ஒன்பது பத்தடி தூக்கி, பக்கவாட்டில் திறக்கும் லூவர் (காற்று போகும் சாய்பலகைகள்) வைத்து, கூரையில் கால்பங்குக்கு மட்டும் கண்ணாடியும் மற்றதற்கு வெப்பத்தடுப்பு ஷீட்டும் போட்டால் அந்த 14 டன் நான்கு டன் அளவுக்கு இறங்கும். அதற்குப் பிறகு அது வரைபடத்தில் பார்த்த கண்ணாடிக் கூரையாக இருக்காது. அந்த ஏமாற்றத்தை முன்கூட்டியே ஏற்றுக்கொள்வது நல்லது.

பெரிய செலவு தீப்பாதுகாப்பு. ஏட்ரியம் நான்கு தளத்தையும் ஒரே புகைக்கூடாக்குகிறது. புகையை உறிஞ்சும் விசிறிகள், அவற்றுக்கு ஜெனரேட்டர் இணைப்பு, தளங்களை மறைக்கும் தீத்தடுப்புக் கண்ணாடியோ இறங்கும் திரையோ எல்லாம் வரைபடத்தின் முதல் நாளே வேண்டும். தீயணைப்புத் துறை அனுமதிக்குப் போகும்போது சேர்த்தால் உள்கூரையைப் பிரிக்க வேண்டிவரும்.

செடிக்கு உள்ளே மூன்று எதிரிகள். முதலாவது வெளிச்சம்: மேஜைக்கு 300 முதல் 500 லக்ஸ் (வெளிச்சத்தின் அளவு) போதும். மரத்துக்கு அதைப்போலப் பல மடங்கு வேண்டும், இல்லையென்றால் இலை கொட்டும். மழை கழுவாததால் மாவுப்பூச்சி விடாமல் வரும். ஆட்கள் உட்கார்ந்திருக்கும் கூடத்தில் மருந்து அடிக்க முடியாது. சனிக்கிழமை ஈரத்துணியால் இலை இலையாகத் துடைக்க ஆள் வேண்டும். சத்தத்தையும் கவனியுங்கள்: ஒரு போன் பேச்சு நான்கு தளத்துக்கும் கேட்கும். தாழ்வாரக் கைப்பிடிச் சுவரின் உட்புறத்திலும் கூரையிலும் ஒலி உறிஞ்சும் பலகைகள் இல்லாவிட்டால் ஒரே மாதத்தில் எல்லாரும் அறைக்கதவைச் சாத்திவிடுவார்கள். ஒன்றுசேர்க்கக் கட்டியது பிரிப்பதில் முடியும்.

பரபரப்பான சாலையை ஒட்டிய மனை, நாள் முழுக்க வாடிக்கையாளர் வந்துபோகும் நிறுவனம், ஆறு மாடிக்கு மேல் உயரம்: இவற்றுக்கு ஏட்ரியம்தான் சரி.

## தளத்துக்குத் தளம் தோட்டம்

முதலில் எடை. அலுவலகத் தளத்தை ஒரு சதுர மீட்டருக்கு 250 முதல் 400 கிலோ தாங்கும்படி வடிவமைப்பார்கள். ஈரமண் ஒரு கன மீட்டர் 1,600 கிலோவுக்கு மேல். ஓரடி மண்ணே 500 கிலோ; சிறு மரத்துக்கு வேண்டிய மூன்றடி மண் 1,500-ஐத் தொடும். கட்டி முடித்த பிறகு “கொஞ்சம் செடி வைக்கலாமே” என்று தொட்டி அடுக்குவது ஆபத்து. எடை தாங்க வடிவமைத்த தளத்திலும் அடுக்குகள் வரிசை தவறக்கூடாது: நூற்றுக்கு ஒன்று சரிவு, வாட்டர்புரூஃபிங், இரண்டு நாள் தண்ணீர் கட்டிச் சோதனை, வேர்த்தடுப்பு ஷீட், வடிகால் தட்டு, துணிவடிகட்டி, அதன்மேல் மண். தண்ணீர் சோதனையை அவசரத்தில் விட்டுவிட்டால், மண் கொட்டிய பிறகு கசிவு எங்கே என்று தேடத் தோட்டம் முழுவதையும் அள்ள வேண்டும்.

டீமைச் சேர்ப்பதில் இது பலவீனம். தளத்துக்கு ஒரு தோட்டம் கொடுத்தால் ஒவ்வொரு டீமும் தன் தோட்டத்தோடு நின்றுவிடும். மாடி விட்டு மாடி போகக் காரணமே இருக்காது. இதைத் திருத்த ஒரு வழி உண்டு. நான்கு சிறு தோட்டத்துக்குப் பதிலாக இரண்டு பெரியது வைத்து, இரண்டையும் வெளிப்படிக்கட்டால் இணைத்து, சாப்பாட்டுக்கூடத்தை மேல்தோட்டத்தை ஒட்டி வையுங்கள். திசை கிழக்கு: மதியத்துக்கு மேல் நிழல், கடற்காற்றும் வரும். மேற்கில் வைத்த தோட்டம் ஆறு மணி வரை காலியாகவே கிடக்கும்.

மனை சிறிதாக இருந்து உயரமாகக் கட்ட வேண்டியவர்களுக்கும், வாடகைக் கட்டடத்தின் மேல்தளத்தில் இருப்பவர்களுக்கும் இதுவே வழி. பின்னவர்கள் எடைக்கணக்கை ஸ்ட்ரக்சுரல் என்ஜினீயரிடம் எழுத்தில் வாங்கிய பிறகே ஒரு மூட்டை மண்ணை ஏற்றலாம்.

## தோப்புக்குள் சிறு கட்டடங்கள்

ஒரு ஏக்கரில் இது நடக்காது. மூன்று ஏக்கர் வேண்டும், அதில் ஏற்கெனவே வளர்ந்த மரங்கள் இருக்க வேண்டும். வெறும் நிலத்தில் நட்டுத் தோப்பாகும் வரை காத்திருக்கப் பத்து வருடம் ஆகும்.

சூழல் இதில்தான் உண்மையானது. குயில் கூப்பிடும், காற்று குளிர்ந்து வரும். ஆனால் 300 பேரை ஆறு கட்டடத்தில் பிரித்தால் படிக்கட்டு, கழிப்பறை, லிஃப்ட் அல்லது சாய்தளம், யு.பி.எஸ். அறை எல்லாம் ஆறு ஆறாக வரும். இரு கட்டடத்துக்கு நடுவே 150 அடியைத் தாண்டினால் ஆலன் அளந்த 50 மீட்டரை நெருங்கிவிடுவீர்கள். கலிஃபோர்னியாவின் குப்பெர்ட்டினோவில் 2017-ல் திறந்த ஆப்பிள் நிறுவனத் தலைமையகமான ஆப்பிள் பார்க்கின் வளையம் சுமார் 1,500 அடி குறுக்களவு. எதிர்ப்பக்கத்து ஆளைப் பார்க்கத் திட்டமிட்டுத்தான் போக வேண்டும். நடைபாதைக்கு எட்டடி அகலத்தில் கூரை இல்லையென்றால் மழைக்காலம் முழுக்கப் பக்கத்துக் கட்டடத்தோடு வீடியோ காலில் பேசிக்கொள்வார்கள்.

மரத்தைக் காப்பாற்றுவது கட்டும்போதே தீர்மானமாகிவிடுகிறது. நெஞ்சுயரத்தில் அடிமரத்தின் குறுக்களவைப் பன்னிரண்டால் பெருக்குங்கள். ஒன்றரை அடி மரத்துக்கு, அடிமரத்திலிருந்து எல்லாப் பக்கமும் 18 அடிக்குள் தோண்டவோ, ஜல்லி கொட்டவோ, லாரி ஏற்றவோ கூடாது. வேலி போட்டே இதைக் காக்க முடியும், சொல்லிவைத்தால் போதாது. மனையை உயர்த்த வேரடியில் இரண்டடி மண் நிரப்பினால் வேருக்குக் காற்று போகாமல் மரம் இரண்டு மூன்று வருடத்தில் பட்டுப்போகும். காரணம் அப்போது யாருக்கும் ஞாபகம் இருக்காது. 2016 டிசம்பரில் வர்தா புயல் சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்தது. கூரைமேல் சாயும் கிளைகளை ஆண்டுதோறும் செப்டம்பருக்குள் கழிக்க வேண்டும்.

பரிசோதனைக்கூடம், பயிற்சி மையம், டிசைன் பட்டறை என்று வேலையே தனித்தனியாக நடக்கும் நிறுவனத்துக்கு இது அருமையாகப் பொருந்தும்.

## ஒரே பார்வையில்

| | முற்றம் | ஏட்ரியம் | மாடித்தோட்டம் | தோப்பு |
|---|---|---|---|---|
| ஆட்கள் சந்திப்பது | மிக நன்று | நன்று, சத்தத்தை அடக்கினால் | குறைவு | கட்டடத்துக்குள் நன்று, இடையே குறைவு |
| கோடை மதியம் | மூன்று மணிக்கு மேல் நிழல் | ஏசி ஓடும் வரை | கிழக்கில் மட்டும் | மிக நன்று |
| மழைக்காலம் | தாழ்வாரம் அகலமானால் சரி | கவலையில்லை | பயன்படாது | கூரைநடை வேண்டும் |
| மறைந்த செலவு | வெளிச்சுவர், வடிகால் | குளிரூட்டல், புகை விசிறி | தள பலம், கசிவு | இரட்டிப்பு வசதிகள், நிலம் |
| பின்னால் மாற்ற | கூரை போடலாம் | கடினம் | கடினம் | எளிது |

சுவர் முழுக்கச் செடி வளர்க்கும் பச்சைச் சுவரை இந்தப் பட்டியலில் சேர்க்கவில்லை. உப்பு மிகுந்த போர்வெல் தண்ணீரில் சொட்டுக்குழாய் சில மாதங்களில் அடைபடும். ஒரு வரிசை காய்ந்தால் சுவர் முழுக்கப் பழுதாகத் தெரியும். வரவேற்பறையில் பத்தடிக்கு வைக்கலாம், அதற்கு மேல் வேண்டாம்.

கறையான் புற்றைப் பார்த்துக் கட்டியதாகச் சொல்லப்படும், ஜிம்பாப்வே தலைநகர் ஹராரேயின் ஈஸ்ட்கேட் கட்டடத்தை (1996) இங்கே கொண்டுவர நினைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. இரவுக் குளிரைச் சுவரில் சேமித்துப் பகலில் செலவழிப்பது அதன் சூத்திரம். ஹராரே கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,490 மீட்டர் உயரத்தில் இருப்பதால் இரவு குளிரும். சென்னை மே மாத இரவு 28 டிகிரியை ஒட்டி நிற்கும்; சேமிக்கக் குளிர் இல்லை. கோவையில் ஓரளவு முயன்று பார்க்கலாம்.

## எங்கள் தேர்வு

நாம் எடுத்துக்கொண்ட 300 பேர், ஒரு ஏக்கருக்கு முற்றம். கூரையைப் பின்னால் போடத் தோன்றினால் போட்டுக்கொள்ளும்படி, மேல்தளத் தூண்களில் அதற்கான பலத்தை மட்டும் இப்போதே விட்டுவைக்கலாம். அதற்கு ஆகும் கம்பி அதிகமில்லை. பணம் குறைந்தால் முதலில் புல்தரையை வெட்டுங்கள், அடுத்து கிரானைட்டை. தாழ்வாரத்தின் எட்டடியில் கைவைக்காதீர்கள்.

கையெழுத்துப் போடும் முன் இரண்டு வேலைகள் உண்டு. இப்போதைய அலுவலகத்தில் இரண்டு வாரம் எந்தத் துறை எந்தத் துறையோடு தினமும் பேசுகிறது என்று ஒரு தாளில் குறித்து, அதை வைத்து முற்றத்தைச் சுற்றி இடம் ஒதுக்குங்கள்: அதிகம் பேச வேண்டியும் பேசாமல் இருக்கும் இரண்டு துறைகள் ஒரே படிக்கட்டின் இருபுறம் வர வேண்டும். பிறகு மனையில் சுண்ணாம்புத்தூளால் முற்றம், தாழ்வாரம், படிக்கட்டு மூன்றையும் உண்மை அளவில் கோடு போடுங்கள். துறைத் தலைவர்களை வெயில் நேரத்தில் வரச்சொல்லி, ஆளுக்கொரு இடத்தில் நிற்கவைத்து, நடுவே நாற்பது அடி விட்டு ஒருவரையொருவர் கூப்பிடச் சொல்லுங்கள். குரல் எட்டாத இடம் எதுவோ, அதை வரைபடத்தில் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டு ஆர்க்கிடெக்டிடம் திருப்பிக் கொடுங்கள்.